தேர்த் திருவிழாவில் டிரோன் ஏற்றுவதற்கு முன்

பந்திங், சிப்பாங் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் தேர் ஊர்வலத்தைப் படமெடுக்கப் போகிறவர்கள் முதலில் வரைபடத்தைப் பாருங்கள், கேஎல்ஐஏ (கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம்) பக்கத்தில்தான். 2016ஆம் ஆண்டு சிவில் விமானப் போக்குவரத்து விதிமுறைகளின்படி, விமான நிலையப் போக்குவரத்து மண்டலத்திலோ, ஏ, பி, சி, ஜி வகை வான்வெளியிலோ, தரையிலிருந்து 400 அடிக்கு (சுமார் 120 மீட்டர்) மேலோ பறக்க சிஏஏஎம் (மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி வேண்டும். பட்டியலில் 'ஜி'யும் (விமானக் கட்டுப்பாட்டு மையத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத வான்வெளி) இருப்பதால் "இங்கே விமானமே வராதே" என்ற பேச்சு எடுபடாது.

உயரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். திரையில் தெரிவது ஏற்றிய இடத்திலிருந்து கணக்கிட்ட உயரம். மேட்டு பங்களாவில் ஏற்றி 100 மீட்டரில் நிறுத்தி, 40 மீட்டர் தாழ்வான லயத்துப் (தொழிலாளர் குடியிருப்பு) பக்கம் போனால் தரையிலிருந்து 140 மீட்டர், வரம்பு தாண்டியாச்சு. பள்ளத்திலிருந்தே ஏற்றுங்கள், ஆனால் திரும்பும்போது மேட்டுச் செம்பனை மட்டையில் இடிக்காமல் பாருங்கள்.

கேமரா டிரோனுக்கு ஆள், வாகனம், கட்டடத்திலிருந்து 50 மீட்டர் இடைவெளி. 1,000 பேருக்கு மேல் கூடினால் 150 மீட்டர். ஆகவே, அனுமதியில்லாமல் தேருக்கு நேர் மேலே படம் கிடையாது. பேட்டரி 30 சதவீதம் காட்டும்போதே இறக்குங்கள். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.