குற்றப் பிரேரணை: ஒப்பம் திரண்டதும் எழுதிவிடும் தவறுகள்

ஜனாதிபதியைப் பதவி நீக்கக் கோரும் குற்றப் பிரேரணை வரப்போகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம், புதிதாகப் பாராளுமன்றச் செய்தி எழுத வருபவர்கள் 113 பேர் ஒப்பமிட்டுவிட்டார்கள், ஆகவே ஆட்டம் முடிந்தது என்றே எழுதிக் கொடுக்கிறார்கள். இலங்கையில் எங்கள் தலைமுறையும் செய்த பிழைதான் அது.

ஒப்பத்தை வாக்காக எண்ணுவது

அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரைப்படி, பாராளுமன்றத்தின் 225 பேரில் பாதிப்பேரின் ஒப்பம், குற்றச்சாட்டு விசாரிக்கத்தக்கது என்ற சபாநாயகரின் திருப்தியோடு சேர்ந்து கதவைத் திறக்கும், அவ்வளவுதான். குற்றச்சாட்டை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்புவதற்கும், நீதிமன்றம் குற்றம் கண்டபின் பதவி நீக்குவதற்கும் தனித்தனியே மூன்றில் இரண்டு, அதாவது 150 வாக்குகள் வேண்டும்.

சபாநாயகர் ஏற்றுவிட்டார் என்று அமைதியடைவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். 1991 ஓகஸ்டில் லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் தமது கட்சியின் ஜனாதிபதியான பிரேமதாசவுக்கு எதிராக இரகசியமாக ஒப்பம் திரட்டிக் கையளித்த பிரேரணையைச் சபாநாயகர் எம்.எச்.முகம்மது ஏற்றுக்கொண்டார். ஏற்கப்பட்ட பிரேரணை நிலுவையில் இருக்கும்போது ஜனாதிபதியால் சபையைக் கலைக்க முடியாது என்று அன்றைய 70ஆம் உறுப்புரை சொன்னதால், கிளர்ச்சியாளர்கள் பிரதான ஆபத்தைக் கடந்துவிட்டதாகவே பலருக்கும் தோன்றியது. ஆனால் கூட்டத்தொடரை இடைநிறுத்தி ஒத்திவைப்பதை அதே உறுப்புரை தடுக்கவில்லை. பிரேமதாச அதைச் செய்தார். சபை கூடாத அந்த வாரங்களில் அமைச்சுப் பதவிகளும் கட்சி இயந்திரமும் அவர் கையிலேயே இருந்தன. ஒப்பமிட்டவர்களோ தமது தொகுதி மக்களுக்குக் காரணம் சொல்லித் தயார்ப்படுத்தாமல் இரகசியமாக ஒப்பமிட்டவர்கள். விஷயம் வெளியே வந்ததும் ஒவ்வொருவரும் தலைவர்முன் தனித்தனியே நிற்க வேண்டியதாயிற்று. சிலர் ஒப்பத்தை மீளப் பெற்றார்கள். ஒக்டோபரில், செல்லுபடியான ஒப்பங்கள் போதவில்லை என்று அதே சபாநாயகர் பிரேரணையை நிராகரித்தார். முன்னின்றவர்கள் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். நீக்கம் செல்லும் என்று உயர் நீதிமன்றம் தீர்த்ததால் ஆசனங்களும் பறிபோயின. இத்தனைக்கும் பிறகு, "சபாநாயகர் ஏற்றார்" என்ற வரியோடு செய்தியை முடிப்பவர்களிடம், சபை அடுத்து எப்போது கூடும் என்ற ஒரேயொரு கேள்வியைத்தான் கேட்கிறேன். பெரும்பாலும் பதில் வருவதில்லை.

தேர்தலை ஒட்டித் தொடங்குவது

2004 மார்ச்சில் தென் கொரிய எதிர்க்கட்சிகள் ஜனாதிபதி ரோ மூ-ஹியூனுக்கு எதிரான பிரேரணையை 193க்கு 2 என்ற வாக்குகளால் நிறைவேற்றின. அடுத்த மாதப் பொதுத்தேர்தலில் அவரை ஆதரித்த சிறிய ஊரி கட்சி 152 ஆசனங்களோடு பெரும்பான்மை பெற்றது. மே மாதத்தில் அரசியலமைப்பு நீதிமன்றம், சட்டமீறல் இருந்தாலும் பதவி நீக்கும் அளவுக்குப் பாரதூரமானதல்ல என்று தீர்த்தது.

குற்றச்சாட்டுகளை நீட்டி அடுக்குவது

ஒன்று நிரூபணமானால் போதும்.

அடுத்தவர் யார் என்று கேட்காமல் விடுவது

பதவி வெற்றிடமானால் பாராளுமன்றமே இரகசிய வாக்கெடுப்பில் தன் உறுப்பினரில் ஒருவரைத் தெரிவு செய்யும் என்கிறது 40ஆம் உறுப்புரை. கோட்டாபய ராஜபக்ச விலகியபின் 2022 ஜூலையில் ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளோடு வந்தது அந்த வழியில்தான். தயங்கி நிற்கும் உறுப்பினர், குற்றச்சாட்டின் தன்மையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பாகவே அந்த ஆசனத்தில் யார் அமரப்போகிறார் என்பதைக் கேட்டுவிடுவார்.