டெல்லி–டோக்கியோ விமானப் பயணம்: தொலைவையும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

டெல்லிக்கும் டோக்கியோவுக்கும் இடையே நேரடி விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று தேடினால் ஒரு தளம் ஏழரை என்கிறது, இன்னொன்று ஒன்பதரை என்கிறது. இரண்டும் சரியாக இருக்கலாம். ஒன்று போகும் கணக்கு, மற்றது திரும்பும் கணக்கு.

படி 1: விமான நிலையம்

டோக்கியோவுக்கு இரண்டு உண்டு. ஹனேடா நகரை ஒட்டியே இருக்கிறது. நரிடா நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. வானத்தில் இந்த வேறுபாடு சில நிமிடம்தான். தரையில் ரயிலுக்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

படி 2: தொலைவு

கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, டெல்லி விமான நிலையத்தின் மேல் வலது சொடுக்கு செய்யுங்கள். தொலைவை அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, ஹனேடாவைச் சொடுக்குங்கள். சுமார் 5,860 கி.மீ. வரும். தட்டை வரைபடத்தில் கோடு வடக்கே வளைந்து தெரிந்தால் பதற வேண்டாம். உருண்டையான பூமியின் மேல் அதுதான் மிகக் குறுகிய வழி.

ஆனால் அந்தக் கோடு திபெத்தின் மேல் போகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி உடனே சுமார் 3,000 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டர்! இறங்குவதற்கு அங்கே இடம் ஏது? அதனால் பெரும்பாலும் வங்கதேசம், மியான்மர், தென்சீனம் வழியாகச் சுற்றிப் போகிறார்கள். நான் இதற்காக நூற்றுக்கு ஐந்து கூட்டிக்கொள்வேன்: ஏறக்குறைய 6,150 கி.மீ.

படி 3: காற்றில்லாத நேரம்

ஜெட் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வகுத்தால் 6 மணி 50 நிமிடம். மேலேறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் 7 மணி 20 நிமிடம்.

படி 4: காற்று

பலரும் விட்டுவிடுவது இதைத்தான். 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானின் மேல் அது மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். வழி முழுவதற்கும் சராசரியாக 100 என்று வைத்துக்கொள்வோம். போகும்போது வேகம் 1,000. அரை மணியையும் சேர்த்து 6 மணி 40 நிமிடம். திரும்பும்போது 800, 8 மணி 10 நிமிடம். காற்று கொடுத்தது 40 நிமிடம், பறித்தது 50. வட்டியோடு வாங்கிக்கொள்கிறது!

அட்டவணையில் இதைவிடக் கூடுதலாகவே போட்டிருப்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும், தாமதத்துக்கென்று ஒதுக்கிய நேரமும் அதில் அடக்கம்.

படி 5: கடிகாரம்

ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இரவு 8 மணிக்கு டெல்லியில் கிளம்பி மறுநாள் காலை 7.30க்கு டோக்கியோவில் இறங்கினால், பதினொன்றரையிலிருந்து மூன்றரையைக் கழியுங்கள்: 8 மணி நேரம். திரும்பும்போது காலை 11க்குக் கிளம்பி மாலை 5க்கு டெல்லி என்றால் ஆறு மணி நேரம்தானே என்று தோன்றும். இப்போது மூன்றரையைக் கூட்ட வேண்டும்: ஒன்பதரை. மதியச் சாப்பாடு ஒன்று போதும் என்று நினைத்து ஏறாதீர்கள்.

விடையைச் சரிபார்க்க, விமானங்களைப் பின்தொடரும் தளம் ஒன்றில் அந்த விமான எண்ணைத் தேடி, கடந்த சில நாள்களில் உண்மையில் எவ்வளவு நேரம் பறந்தது என்று பாருங்கள். ஜனவரியிலும் ஆகஸ்டிலும் ஒரே விடை வராது.