மே மாதத்தில் மீன் ஏலம்: குறைந்த செலவில் படமெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட சென்னையிலிருந்து இயக்குநராகக் கிளம்புகிற பலருக்கு முதல் கதை தங்கள் தெருவிலேயே கிடைத்துவிடுகிறது. அந்தத் தெருவைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கைதான் முதல் தவறுக்கும் காரணமாகிறது. காசிமேட்டு மீன் ஏலத்தைக் கதையின் நடுவில் வைத்துவிட்டு, நடிகரின் கால்ஷீட் கிடைக்கிறதே என்று மே மாதத்தில் படப்பிடிப்பு வைப்பவர்கள் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. கட்டிக் கிடக்கும் படகுகளுக்கு முன்னால் ஐஸ் மீனைக் கொட்டி ஏலம் போட்டால், தானாகக் கூடியிருக்க வேண்டிய கூட்டத்துக்குச் சம்பளமும் பேட்டாவும் கொடுக்க நேரும். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரே இதை மறந்ததைப் பார்த்திருக்கிறேன்.

டப்பிங் செலவை மிச்சப்படுத்த எண்ணூர் விரைவுச்சாலை ஓரத்தில் நேரடி ஒலிப்பதிவுக்குத் திட்டமிடுவோரும், கன்டெய்னர் லாரிகளுக்காகக் காத்திருந்தே அரை நாளை இழக்கிறார்கள்.

இந்த இழப்புகளை எப்படியாவது சமாளித்துவிடலாம். ஆளையே முடக்கிப்போடுவது முதல் பிரதி ஒப்பந்தம். தயாரிப்பாளர் ஒரு தொகையை நிர்ணயிப்பார்; அதற்குள் படத்தை முடித்து முதல் பிரதியை ஒப்படைப்பது இயக்குநரின் பொறுப்பு; மிஞ்சினால் லாபம், மீறினால் அவர் தலையில் விடியும். படம் கிடைத்த மகிழ்ச்சியில் கையெழுத்திடுகிறவர் படப்பிடிப்பு நாட்களை மட்டுமே கணக்கிடுகிறார்; எடிட்டிங், டப்பிங், பின்னணி இசை, டிஐ எனும் வண்ணச் சீரமைப்பு, ஒலிக்கலவை, தணிக்கை என்று பின்னால் நிற்கும் செலவுகளுக்குக் கடைசியில் வீட்டு நகைதான் அடகுக் கடைக்குப் போகிறது. நான் உதவி இயக்குநராக இருந்த ஒரு படம் மழையால் நான்கு நாட்கள் நீண்டது. அந்த நான்கு நாட்கள் ஒலிக்கலவைக்கான பணத்தைத் தின்றுவிட, படம் இன்னும் ஹார்ட் டிஸ்க்கிலேயே தூங்குகிறது. பிந்தைய பணிகளுக்கான தொகையை முதல் நாளே தனிக் கணக்கில் ஒதுக்கிவிட வேண்டும்; எந்தக் கட்டத்தில் எந்தத் தவணை வரும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

படம் நின்றுபோனவரைச் சோறு போட்டுக் காப்பாற்றுவது பெரும்பாலும் சீரியல்தான். அதை இளக்காரமாக நினைத்து வீட்டில் காத்திருப்பது ஒரு தவறு. போன இடத்தில் சினிமா எடுக்க முயல்வது இன்னொரு தவறு. ஒரே கூடத்தில் நடக்கும் வெவ்வேறு எபிசோடுகளின் காட்சிகளை ஒரே நாளில் எடுக்கும் இடத்தில், காலை முழுவதும் ஒரு ஷாட்டுக்கு லைட்டிங் செய்துகொண்டிருந்தால் மாலைக்குள் காட்சிகள் மிஞ்சும், கையிருப்பு எபிசோடுகள் கரையும், சேனலிலிருந்து போன் வரும். அங்கே எந்தக் காட்சியில் எந்தப் புடவை என்ற கன்டினியூட்டியைக் குறித்து வைக்கும் உதவியாளர், அழகான கேமரா கோணத்தைவிட மதிப்புள்ளவர்.

கதையை வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே திரிவதற்கு முன், திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால், பதிப்புரிமைச் சட்டம் அதை 5 ஆண்டுகள் என்றே கொள்கிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

வட சென்னை என்றாலே கத்தியும் ரத்தமும் என்று எழுதுவது அங்குள்ளவர்களுக்கு அலுத்துப்போன விஷயம் மட்டுமன்று, கணக்கும் உதைக்கிறது. ஏ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் காட்ட முடியாது. வெட்டி, மறுசான்றிதழ் பெற்ற பிறகே ஒளிபரப்பலாம். சாட்டிலைட் உரிமைப் பணத்தை நம்பிக் கடன் வாங்கியவர், அந்தக் காட்சிகளை எடுக்க ஒரு முறையும் வெட்ட ஒரு முறையும் செலவழிக்கிறார்.