வெள்ளாட்டு மேய்ச்சல்: புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் பண்ணையைக் காட்டினார். கம்பிவேலிக்குள் கணுக்கால் உயரப் புல், அதில் கன்னி இன வெள்ளாடுகள் 15. எனக்கு வயிறு கலங்கியது. நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். தடுப்பூசி, தண்ணீர் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் மேய்ச்சலை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளாட்டைச் செம்மறியாக நினைப்பது

செம்மறி குனிந்து புல்லைக் கரம்பும். வெள்ளாடு தழை தேடும். முன்னங்காலை மரத்தில் ஊன்றிக் கொப்பை இழுக்கும். கொங்குநாட்டுக் கொறங்காட்டில், அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், மாடும் செம்மறியும் கொழுக்கட்டைப்புல் மேயும்போது, வெள்ளாடு கிளுவை வேலியைக் கடித்துக்கொண்டிருக்கும்.

என் ஆடுகளுக்குக் கொப்பே இல்லை, வெறும் புல். அதிலும் விடிந்ததும் பட்டியைத் திறந்துவிடுவேன். “பனி காயட்டும்” என்றார் பக்கத்துக் காட்டுப் பெரியவர். கேட்டேனா? புழுக்கையிலிருந்து வரும் புழுக்குஞ்சுகள் ஈரப் புல்லில் ஏறி நிற்கும். பெரும்பாலும் தரையிலிருந்து நான்கைந்து விரற்கடைக்குள்தான். கொப்பு மேயும் ஆட்டுக்கு அவை வாயில் படாது. ஒட்ட மேய்ந்தால் வாய்க்கு வாய் உள்ளே போகும். அப்புறம் வயிற்றில் ஒட்டி இரத்தம் குடிக்கும். பல நேரம் கழிச்சல்கூட இருக்காது, அதனால்தான் ஏமாந்தேன். ஒருநாள் தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கியது. கீழ் இமையை விலக்கிப் பார்த்தால் சிவப்பே இல்லை. ஐந்து குட்டி, ஒரு சினையாடு போயின. குடற்புழு மருந்தையும் ஆட்டின் எடை பார்க்காமல் குறைத்து ஊற்றியிருக்கிறேன்! “புல் போட்டால் போதும்” என்று சொல்லி ஆடு விற்றவர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

இப்போது அகத்தி, கிளுவை, கல்யாண முருங்கைத் தழையை ஆட்டின் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிடுகிறேன். பனி காய்ந்த பிறகே பட்டி திறக்கும். புல்லை முதலில் மாடு மேயும். ஆட்டுப் புழு மாட்டின் வயிற்றில் பெரும்பாலும் பிழைக்காது.

எது விஷம் என்று ஆட்டுக்கே தெரியும் என்பது

ஆடுதின்னாப்பாளையை ஆடு தொடாது, சரி. பசித்த ஆடு இளஞ்சோளத்தை விடாது. மழையின்றி வாடிய சோளத்திலும், அறுத்த கட்டையில் விட்ட துளிரிலும் சயனைடு நஞ்சு அதிகம். சில நிமிடங்களில் ஆடு மூச்சுத் திணறி விழும். பூக்காத சோளக்காட்டுப் பக்கமே ஓட்டாதீர்கள். விழுந்துவிட்டால் கைவைத்தியம் வேண்டாம், கால்நடை மருத்துவர்தான்.

சவுண்டல் (சூபாபுல்) தழையை மட்டுமே போடுவது

மயிர் கொட்டும். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

வேலி இருக்கிறது என்று தூங்குவது

மரக்கன்று வைத்திருந்தால் தூங்காதீர்கள்.