பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறைமாதக் குழந்தையின் பாதத்தில் சுற்றியிருக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர், இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 84 சதவீதம் என்று காட்டி அலாரம் அடிக்கிறது. செவிலியர் ஆக்சிஜனைக் கூட்டுகிறார்; எண் 99-ஐத் தொடுகிறது, அலாரம் அடங்குகிறது, பக்கத்தில் நிற்கும் தாய்க்கு உயிர் வருகிறது. அதன் பிறகு ஆக்சிஜனைப் பழைய அளவுக்குக் குறைக்க எவருக்கும் நினைவு வராமல் போவதும், 95-ஐத் தாண்டினால் எச்சரிக்க வேண்டிய மேல்வரம்பு அலாரம் முன்பே அணைத்து வைக்கப்பட்டிருப்பதும்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்றும் நிகழும் மிகப் பழைய தவறு.

இந்தத் தவறுக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1942-இல் பாஸ்டனில் டெர்ரி என்ற கண் மருத்துவர் குறைமாதக் குழந்தைகளிடம் முதன்முதலாக விவரித்த விழித்திரை நோய், அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 குழந்தைகளின் பார்வையைப் பறித்தது. 1951-இல் மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற மருத்துவர், தாராளமாகக் கொடுக்கப்படும் ஆக்சிஜனே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். அமெரிக்க மருத்துவமனைகள் பல சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதிசெய்தது. உடனே எல்லாரும் மறுகோடிக்குப் போனார்கள். குழந்தை சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்படுத்தியதில் கண்கள் தப்பின. ஆனால் நுரையீரல் முதிராத குழந்தைகள் பலர் ஆக்சிஜன் போதாமல் இறந்தனர்.

ஆகவே, கூடுதல் ஆபத்து என்றால் குறைவு பாதுகாப்பு என்று முடிவுகட்டுவது இரண்டாவது தவறு. 28 வாரம் நிறைவதற்குள் பிறந்த குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2010-இல் வெளிவந்தது. இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 85–89 சதவீதம் என்ற இலக்கில் வைக்கப்பட்டவர்களில், உயிர் பிழைத்தோரிடையே கடுமையான விழித்திரை நோய் 8.6 சதவீதம், 91–95 பிரிவில் 17.9 சதவீதம். ஆனால் இறப்போ முறையே 19.9 சதவீதமும் 16.2 சதவீதமும். கண்ணைக் காத்த இலக்கு உயிரைக் கூடுதலாக எடுத்தது. இன்று பெரும்பாலான தீவிர சிகிச்சைப் பிரிவுகள் 90–95 என்ற வரம்பைப் பின்பற்றினாலும், குழந்தை வளர வளர அந்த இலக்கை மாற்ற வேண்டுமா என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

இதே இடத்தில் பெற்றோர் செய்யும் தவறு ஒன்று, என்னை மிகவும் வருந்த வைப்பது. குழந்தை எடை கூடி வீட்டுக்கு வந்துவிட்டது, நன்றாகப் பால் குடிக்கிறது, கண்ணும் பார்ப்பதற்குத் தெளிவாக இருக்கிறது என்று விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். இந்தியாவில் 2,000 கிராமுக்குக் குறைவான எடையுடனோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த 30 நாளுக்குள் கண்ணின் பாவையை மருந்தால் விரித்து விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனை நடந்தாக வேண்டும்; மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்பாகவே. 1996-இல் சென்னையில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் பிறந்த பெண் குழந்தை ஒன்றுக்கு இந்தப் பரிசோதனை தேவை என்பதைப் பெற்றோரிடம் எவரும் சொல்லவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

வேறொரு நாட்டில் பலன் தந்த சிகிச்சை நம் ஊரிலும் அப்படியே பலன் தரும் என்று நம்புவது அடுத்த தவறு. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட நிறைமாதக் குழந்தையின் உடல் வெப்பத்தை 72 மணி நேரம் 33–34 டிகிரி செல்சியஸில் வைத்திருந்தால் இறப்பும் ஊனமும் குறைவதைச் செல்வ நாடுகளின் ஆய்வுகள் காட்டின. நம் மருத்துவமனைகளும் அதைப் பின்பற்றின, சில இடங்களில் ஐஸ் பொதிகளைக் கொண்டே. 2021-இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வு இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் பெரிய மருத்துவமனைகளில், சென்னை உட்பட, 408 குழந்தைகளிடம் நடந்தது. வெப்பத்தைத் தானே சீராக்கும் கருவியைக் கொண்டு முறையாகக் குளிரூட்டியும், குளிரூட்டிய பிரிவில் 42 சதவீதக் குழந்தைகள் இறந்தனர். மற்றப் பிரிவில் 31 சதவீதம். பாதிப்பு பிரசவ வலிக்கு முன்பே கருவறையில் தொடங்கிவிடுகிறதா, தொற்றோ தாயின் ஊட்டக்குறைவோ காரணமா என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது. இதைப் படித்துவிட்டு, அத்தகைய குழந்தைக்குக் காய்ச்சல் வரும் அளவுக்குச் சூடேற்றுவதும் தவறு. வெப்பம் ஏறினால் மூளைப் பாதிப்பு கூடும்.

உடனே தெரியும் முன்னேற்றத்தை முழுப் பலனாக எடுத்துக்கொள்வதற்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து ஓர் எச்சரிக்கை. வெண்டிலேட்டரிலிருந்து குழந்தையை விரைவில் விடுவித்ததால் 1990-களில் அது தாராளமாகக் கொடுக்கப்பட்டது. அந்தக் குழந்தைகள் நடக்க வேண்டிய வயதை எட்டியபோதுதான் பெருமூளை வாதம் கூடியிருப்பது தெரிந்தது. 2002-இல் அமெரிக்க, கனடா குழந்தை மருத்துவ அமைப்புகள் வழக்கமான பயன்பாட்டை நிறுத்தச் சொல்லின. யாருக்கு, எந்த நாளில், எவ்வளவு குறைந்த அளவில் ஸ்டீராய்டு கொடுத்தால் நன்மை மிஞ்சும் என்பது இன்றும் ஆராயப்படுகிறது.

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதுமே, தம் குழந்தையைச் சோதனைப் பொருளாக்குகிறார்கள் என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. ஆனால் ஆய்வுக்கு உட்படாத வழக்கமும் சோதனைதான். அதில் கணக்கெடுப்பவர் இல்லை என்பதே வேறுபாடு. 1950-களில் நியூயார்க்கில் தொற்றைத் தடுக்கக் குறைமாதக் குழந்தைகளுக்குப் பென்சிலினுடன் சல்ஃபா மருந்தும் வழக்கமாகக் கொடுக்கப்பட்டது. வேறொரு மருந்துடன் அதை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், சல்ஃபா பெற்ற குழந்தைகள் கூடுதலாக இறப்பதும், மஞ்சள் காமாலை நிறமி அவர்களின் மூளையில் படிவதும் தெரிய வந்தது. ஒப்புதல் படிவத்தை நீட்டும் மருத்துவரிடம் பெற்றோர் கேட்க வேண்டியவை உண்டு: ஆய்வில் சேராவிட்டால் என் குழந்தைக்கு என்ன சிகிச்சை கிடைக்கும், இடையில் விலகிக்கொள்ள முடியுமா, தீங்கு தெரிந்தால் ஆய்வை நிறுத்தும் பொறுப்பு யாருடையது, இரண்டு வயதில் குழந்தையை அழைத்துப் பரிசோதிப்பீர்களா?