பழைய மடிக்கணினிக்கு ரேம், எஸ்எஸ்டி: காசும் படங்களும் போகாமல் இருக்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிகள் மூடிக் கிடந்த 2020, 2021-இல் பிள்ளைகளின் இணையவழி வகுப்புக்காகக் கோலாலம்பூர் வீடுகளில் அவசரமாக வாங்கப்பட்ட மடிக்கணினிகள் பல இப்போது மூச்சு வாங்குகின்றன. 4 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது மட்டும் தரவை வைத்திருக்கும் நினைவகம்), 1 டிபி ஹார்ட் டிஸ்க் (கோப்புகளைச் சேமிக்கும் சுழலும் தட்டு). இன்னும் மலிவான வகை என்றால் 64 ஜிபி இஎம்எம்சி என்ற சேமிப்பகச் சில்லு. "ரேம் போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். சனிக்கிழமை புக்கிட் பிந்தாங் போய், லோ யாட் பிளாசாவில் ஒரு 8 ஜிபி துண்டு வாங்கி, வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் அதைச் செருகப் பள்ளமே இருக்காது. இந்த வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில்தான். ஆகவே வாங்குவதற்கு முன் நடக்கும் தவறுகளிலிருந்தே தொடங்குவோம்.

எது திணறுகிறது என்று பார்க்காமல் வாங்குவது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். தினமும் திறக்கும் உலாவி, வேர்ட், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் வழக்கம்போலத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். வெறும் திரையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்று, மெமரி (அதாவது ரேம்) 60-இல் இருந்தால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க்தான். சுழலும் தட்டில் ஒரு கோப்பைத் தேடிப் பிடிக்க ஏறத்தாழ 10 மில்லி விநாடி ஆகும். சுழலும் பாகமே இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அதே வேலை 0.1 மில்லி விநாடி அளவில் முடிகிறது. விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடுவதால் இந்த வேறுபாடு நிமிடக் கணக்கில் தெரியும். மெமரி 90-ஐத் தாண்டி, டிஸ்க்கும் 100-ஐத் தொட்டால் ரேமில் இடம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கைத் துணைக்கு இழுக்கிறது என்று பொருள். அப்போது இரண்டுமே வேண்டும். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, உள்ளே இருப்பதோ ஹார்ட் டிஸ்க் என்றால், தயங்காமல் முதலில் எஸ்எஸ்டி வாங்குங்கள். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறியிருப்பதும் அதற்கு இன்னொரு காரணம்.

அதே பக்கத்தில் சிபியூவின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும்; இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். அதற்கு முந்தைய கணினிக்கு விலை உயர்ந்த பாகங்களை வாங்கிப் போடுவது நல்ல முடிவாகத் தோன்றவில்லை. சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால், 4 ஜிபி ரேமிலேயே எழுதவும் படிக்கவும் காணொளி பார்க்கவும் தாராளமாகப் போதும்.

உள்ளே பார்க்காமல் ரேம் வாங்குவது

டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியில் எத்தனை பள்ளம் இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று இருக்கும். 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியில் 'சோடிம்' என்று இருந்தால் கழற்றக்கூடிய ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் மதர்போர்டிலேயே பற்றவைத்தது; அதைக் கழற்ற முடியாது. சில மாடல்கள் இந்த வரியைத் தவறாகக் காட்டும் என்பதால், அடிமூடியைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டு வாங்குவதே உறுதி. 4 ஜிபி போர்டில் பற்றவைத்து, கூடவே ஒரு பள்ளம் காலியாக விட்ட மாடல்களும் நிறைய. அவற்றில் 8 ஜிபி துண்டு ஒன்று செருகினால் 12 ஜிபி ஆகிவிடும். இஎம்எம்சி வகையிலோ ரேம், சேமிப்பகம் இரண்டுமே பற்றவைத்திருப்பது வழக்கம். காலி எம்.2 பள்ளம் (துண்டு வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருந்தால் ஒழிய அதற்குச் செலவு செய்யாதீர்கள்.

பழைய துண்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்தச் சீட்டில் இருக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் பொருள் உண்டு. 'பிசி3' என்றால் 1.5 வோல்ட் டிடிஆர்3. 'பிசி3எல்' என்றால் 1.35 வோல்ட் டிடிஆர்3எல். இரண்டுக்கும் 204 பின், வெட்டும் ஒரே இடத்தில். அதனால் மாற்றிச் செருகினாலும் உட்கார்ந்துவிடும். ஆனால் 4-ஆம் தலைமுறை இன்டெல் மடிக்கணினியில் 1.5 வோல்ட் துண்டைப் போட்டால் பெரும்பாலும் திரை கறுப்பாகவே நிற்கும். "பாஸ், இது எல் போட்டதா, போடாததா?" என்று கேட்டு, சீட்டைப் படித்துப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். டிடிஆர்4-க்கு 260 பின், டிடிஆர்5-க்கு 262. வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் தவறானது உள்ளே போகாது. போகாததை அழுத்திப் போட முயன்றால் பள்ளம் உடையும்.

டிடிஆர்3எல் 8 ஜிபி வாங்குவோர் பலர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. சீட்டில் '2ஆர்எக்ஸ்8' என்று இருந்தால் இரு பக்கமும் சேர்த்து 16 சிப். ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட். '1ஆர்எக்ஸ்8' என்று இருந்தால் 8 சிப்பில் அதே 8 ஜிபி. ஒவ்வொன்றும் 8 ஜிகாபிட். 4-ஆம் தலைமுறை வரையிலான இன்டெல் சிபியூக்களுக்கு இந்தப் பெரிய சிப்பைப் படிக்கத் தெரியாது. துண்டில் பழுதே இருக்காது, ஆனாலும் கணினி எழாது. கடைக்காரரும் வேறு கணினியில் போட்டுக் காட்டி "நன்றாகத்தானே ஓடுகிறது" என்பார்.

வேகத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 2400 துண்டோடு 3200 துண்டைச் சேர்த்தால் பெரும்பாலும் இரண்டும் 2400-இல் ஓடும். ஆனால் ஒரே துண்டாக 16 ஜிபி போடுவதைவிட இரண்டு 8 ஜிபி போடுவது நல்லது. இரு வழியில் தரவு போய்வருவதால், தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினிகளில் காணொளியும் விளையாட்டும் கண்ணுக்குத் தெரியும் அளவில் சீராகும்.

எம்.2 எல்லாம் ஒன்று என்று நினைப்பது

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவத்தில் பழைய இணைப்பு முறையான சாட்டா எஸ்எஸ்டியும் வரும், அதைவிட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டியும் வரும். 2015 முதல் 2018 வரை வந்த பல மடிக்கணினிகளில் எம்.2 பள்ளம் சாட்டாவை மட்டுமே ஏற்கும். அதில் என்விஎம்இ போட்டால் அழகாக உட்காரும், திருகும் மாட்டும், பயோஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) மட்டும் பெயர் வராது. தங்க முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. ஆனால் உங்கள் பள்ளம் எதை ஏற்கும் என்பதை அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில்தான் உறுதி செய்ய வேண்டும். நீளமும் பார்க்க வேண்டும்: 2280 என்றால் 22 மி.மீ அகலம், 80 மி.மீ நீளம், 2242 என்றால் நீளம் 42 மி.மீ. வைஃபை அட்டை இருக்கும் குட்டிப் பள்ளத்தைக் காலி எம்.2 என்று எண்ணி ஏமாற வேண்டாம். கடைசியாக, எஸ்எஸ்டியைப் பிடிக்கும் அந்தக் குட்டித் திருகு பல மடிக்கணினிகளில் இருக்கவே இருக்காது. கடையிலேயே கேட்டு வாங்கிக்கொண்டால் இன்னொரு நடை மிச்சம்.

எம்.2 பள்ளம் இல்லையா? 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே போதும். விநாடிக்கு 550 எம்பி வரை படிக்கும். ஹார்ட் டிஸ்க் 100 எம்பியைச் சுற்றியே நிற்கும். எஸ்எஸ்டியின் தடிமன் 7 மி.மீ. பழைய டிஸ்க் 9.5 மி.மீ என்றால், இடைவெளியில் ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்க வேண்டும்.

இணையக் கடையில் 40, 50 ரிங்கிட்டுக்கு 2 டிபி எஸ்எஸ்டி என்று வந்தால் அது போலி, ஐயமே வேண்டாம். உள்ளே சிறிய நினைவுச் சில்லு ஒன்றை வைத்து, 2 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். நிரம்பியதும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதும். படங்களின் பெயர் பட்டியலில் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். ரசீதையும் அன்றைக்கே படமெடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்டது நம் ஊர் வெயிலில் சில மாதத்தில் வெளுத்துவிடும். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போக நேர்ந்தால் அந்த ரசீதுதான் பேசும். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே வழக்கறிஞர் இல்லாமல் 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம்.

படங்களை எடுத்து வைக்காமல் தொடங்குவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கெட்ட ரேமை மாற்றி வாங்கலாம். பத்துமலைக்குக் காவடி எடுத்த ஆண்டின் படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலை ஓடவிட்டு, 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். சி5-இல் சுழி அல்லாத எண் இருந்தால் தட்டில் படிக்க முடியாத இடங்கள் உருவாகிவிட்டன. அந்த நிலையில் முழு டிஸ்க்கையும் குளோன் செய்ய, அதாவது அப்படியே நகலெடுக்கத் தொடங்கினால், மணிக்கணக்கில் முட்டி மோதி அது நடுவிலேயே உயிரை விடக்கூடும். முதலில் படங்கள், ஆவணங்கள் மட்டும் வெளி டிஸ்க்குக்குப் போகட்டும். பிறகு விண்டோஸைப் புதிதாக நிறுவிக்கொள்ளலாம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு கட்டப்பட்டிருப்பதால், ரேமும் டிஸ்க்கும் மாறினாலும் இணையத்தில் இணைந்ததும் தானாகவே செயல்படும்.

டிஸ்க் நலமாக இருந்தால் குளோன் செய்யலாம். 500 ஜிபி தரவுக்கு யூஎஸ்பி 3.0 துளையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும், யூஎஸ்பி 2.0 துளையில் நான்கு மணி நேரமும் ஆகும். கோலாலம்பூரில் மாலை இடிமழையில் மின்சாரம் டிரிப் ஆவது யாருக்கும் புதிதல்ல. பழைய மடிக்கணினியின் பேட்டரியோ ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. காலையில் தொடங்குங்கள்.

டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால் முதலில் அணைத்துவிடுங்கள். 48 இலக்க மீட்பு எண் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். அணைக்காமல் விட்டு, பயோஸில் ஒன்றை மாற்றியதும் கணினி அந்த எண்ணைக் கேட்கும்போது, கணக்கின் கடவுச்சொல்லும் மறந்திருந்தால் உள்ளே இருப்பது உங்களுக்குமே கிடைக்காது.

திறக்கும்போது

ஷிஃப்ட் பொத்தானை அழுத்தியபடியே ஷட்டவுன் கொடுங்கள். இல்லையேல் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். சார்ஜரைப் பிடுங்குங்கள். மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. அதன் பின் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தையும் போக்கிவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ அழுத்தவோ நெம்பவோ கூடாது. அன்றைக்கு மேம்பாட்டை மறந்துவிட்டுப் பேட்டரியை மாற்றும் வழியைப் பாருங்கள்.

திருகுகள் ஒரே அளவில் இருப்பதில்லை. தாளில் மடிக்கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஓட்டையில் இருந்து வந்ததோ அந்த இடத்திலேயே திருகை செல்லோடேப்பால் ஒட்டிவிடுங்கள். நீளத் திருகைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் மேல்பக்கம் பொத்துக்கொண்டு வரும். எல்லாத் திருகையும் எடுத்த பிறகும் மூடி வரவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம். ரப்பர் கால்களுக்கு அடியில் இரண்டு ஒளிந்திருக்கும். மூடியை நெம்பக் கத்தி வேண்டாம், காலாவதியான வங்கி அட்டை போதும். மேல்தட்டைத் தூக்கும் மாடலானால் அரை அங்குலம் தூக்கியதும் நின்று உள்ளே பாருங்கள். கீபோர்டு, டச்பேடுகளின் தட்டைக் கேபிள்கள் பிடித்துக்கொண்டிருக்கும். இணைப்பின் பூட்டை நகத்தால் நிமிர்த்தினால் கேபிள் தானாக நழுவி வரும். இழுத்தால் கிழியும்.

ரேமை 30 பாகைச் சாய்வில் பள்ளத்துக்குள் தள்ளுங்கள். தங்க முனை ஏறத்தாழ முழுவதும் மறைய வேண்டும். அதற்குப் பிறகே கீழே அழுத்த வேண்டும். இரு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று பூட்டும். பாதி உள்ளே போன துண்டும் கீழே படுக்கும் என்பதுதான் சிக்கல். கணினி எழவில்லை என்று வரும் ரேம்களில் கணிசமானவை கெட்டவை அல்ல, சரியாக உட்காராதவை.

பொருத்திய பிறகு

முதல் முறை திரை ஒரு நிமிடம் கறுப்பாக இருந்தால் பதறி அணைக்காதீர்கள். புதிய ரேமைக் கணினி அளந்துகொண்டிருக்கிறது. பிறகு பயோஸில் மொத்த அளவு சரியா என்று பாருங்கள். அங்கே 8 ஜிபி இருந்தும் விண்டோஸில் 3 ஜிபி சொச்சம்தான் பயன்படும் என்று வந்தால், நிறுவியிருப்பது 32 பிட் விண்டோஸ். அன்றிரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஓடவிட்டுத் தூங்குங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் மறுநாள் ரேமைத் திருப்பிக் கொடுங்கள். கெட்ட ரேம் கோப்புகளைச் சத்தமில்லாமல் சிதைக்கும்.

புதிய எஸ்எஸ்டிக்கு, சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டீஃப்ராக் நிரல் எதுவும் வேண்டாம், விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை அன்றே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். 2.5 அங்குல யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டு ஒரு மாதம் அப்படியே வையுங்கள். வரிக் கோப்பு, சான்றிதழ், பிள்ளையின் எஸ்பிஎம் திட்டப்பணி என்று எடுக்க மறந்தது ஏதாவது ஒன்று அதற்குள் நினைவுக்கு வரும். விற்கவோ மறுசுழற்சிக்குக் கொடுக்கவோ முடிவு செய்தால் குவிக் ஃபார்மட் போதாது. அது பெயர்ப்பட்டியலை மட்டும் அழிக்கிறது, படங்கள் தட்டிலேயே இருக்கும். குவிக் என்ற குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்து, சில மணி நேரம் ஓடி முடிந்த பிறகு மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.