நிலா போட்டோ வாங்கப் போறீங்களா, முதல்ல திருப்பிப் பாருங்க

நிலாவுக்கு மனுஷன் போயிட்டு வந்த அந்த காலத்துலயே பிரிண்ட் போட்ட ஒரிஜினல் போட்டோவ சேக்கணும்னு ஆசைப்படுறவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது இதுதான், படத்துல மயங்கிடாதீங்க, பின்பக்கத்த பாருங்க. ஏன்னா படம் எல்லாருக்கும் பொது. நாசா எடுத்த படங்களுக்கு பொதுவா காப்பிரைட் கிடையாது, யார் வேணா நெட்ல இருந்து இறக்கி இன்னைக்கே பிரிண்ட் போட்டுக்கலாம். ஆனா 1969ல லேப்ல கழுவி காய வெச்சு எடுத்த அந்த பேப்பர் இருக்கே, அத இனிமே யாராலயும் செய்ய முடியாது. நாம சேக்குறது அந்த பேப்பரைத்தான்.

நாசாவோட நிலா பயணத் திட்டத்துக்குப் பேரு அப்பல்லோ. அதுல 1968 டிசம்பர்ல போன அப்பல்லோ 8ல ஆரம்பிச்சு 1972 டிசம்பர்ல அப்பல்லோ 17 வரைக்கும் மொத்தம் 9 தடவ ஆளுங்க நிலா வரைக்கும் போயிருக்காங்க, 6 தடவ இறங்கியிருக்காங்க, 12 பேர் நடந்திருக்காங்க. இந்த நாலு வருஷத்துக்குள்ள வர்ற பிரிண்ட்தான் நம்ம வேட்டை. அதிகமா கிடைக்குறது 8க்கு 10 இன்ச் சைஸ்ல பளபளன்னு இருக்குற பிரிண்ட், ஓரத்துல வெள்ளை பார்டர், அந்த பார்டர்ல ஒரு நம்பர். கலர் பிரிண்ட்ல அது பெரும்பாலும் சிவப்பா இருக்கும், கருப்பு வெள்ளைல கருப்பா இருக்கும். சேக்குறவங்க "ரெட் நம்பர்"னு பேசிக்கிறது இததான்.

நம்பர படிக்கக் கத்துக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. ஏஎஸ்11-40-5903னு இருந்தா ஏஎஸ்னா அப்பல்லோ சாட்டர்ன், 11 பயணம், 40 மேகஸின், அதாவது கேமராவுல மாட்டுற ஃபிலிம் டப்பாவோட நம்பர், 5903 ஃபிரேம் நம்பர். ஆம்ஸ்ட்ராங்கோட நிலால இறங்குன ஆல்ட்ரின் நேரா நிக்குறாரே, ஹெல்மெட் கண்ணாடில ஆம்ஸ்ட்ராங் குட்டியா தெரியிறாரே, அந்த படம்தான் இது. எஸ்-69ன்னு ஆரம்பிச்சா ஹூஸ்டன்ல இருக்குற நாசா சென்டர்ல 1969ல போட்ட வரிசை நம்பர், 69-ஹெச்சின்னு இருந்தா வாஷிங்டன் தலைமை ஆபீஸ்ல இருந்து வந்த கலர் படம், வெறும் ஹெச்னா கருப்பு வெள்ளை. ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, அந்த வருஷம் படத்தோட வருஷம், பிரிண்ட்டோட வருஷம் இல்ல, பல வருஷம் கழிச்சு போட்ட பிரிண்ட்லயும் அதே நம்பர் அப்படியேதான் வரும். நிறைய பேர் ஏமாறுறது இங்கதான்.

அதனாலதான் பின்பக்கம். அப்பல்லோ 8, 11 காலத்து கலர் பிரிண்ட்ட திருப்பினா பொதுவா "ஏ கோடாக் பேப்பர்"னு இங்கிலீஷ்ல மங்கலா, திரும்பத் திரும்ப வரிசையா ஓடும். "திஸ் பேப்பர் மேனுஃபேக்சர்ட் பை கோடாக்"னு நீளமா இருந்தா அது 70கள்ல பரவலா வந்த பேப்பர், அப்பல்லோ 16, 17 படத்துக்கு அது பொருந்தும், ஆனா அப்பல்லோ 11 படம் அந்த பேப்பர்ல வந்தா சில வருஷம் கழிச்சு போட்டதா இருக்க வாய்ப்பு அதிகம். எண்டுரா, கிறிஸ்டல் ஆர்க்கைவ் மாதிரி பேர் இருந்தா யோசிக்கவே வேணாம், அதெல்லாம் ரொம்ப பிந்தி வந்த பேப்பர்.

அடுத்தது எழுத்து. பல பிரிண்ட்ல பின்னாடி ஊதா மைல ஒரு பாரா அடிச்சிருப்பாங்க, படம் என்ன, எப்போ, யாரு எடுத்ததுன்னு. அதுல "மேண்ட் ஸ்பேஸ்கிராஃப்ட் சென்டர்"னு இருந்தா சந்தோஷப்படலாம், ஏன்னா ஹூஸ்டன்ல இருக்குற அந்த இடத்துக்கு 1973 பிப்ரவரில ஜான்சன் ஸ்பேஸ் சென்டர்னு பேர் மாத்திட்டாங்க. ராக்கெட் கிளம்புற இடத்துக்கு இருந்த "கேப் கென்னடி"ங்கிற பேரும் 1963ல இருந்து 1973 வரைக்கும்தான், அப்புறம் திரும்ப கேப் கனாவெரல் ஆயிடுச்சு. நாசா லோகோவும் காட்டிக் குடுக்கும், வளைஞ்சு வளைஞ்சு புழு மாதிரி இருக்குற சிவப்பு எழுத்து லோகோ 1975ல தான் வந்துச்சு, அது பின்னாடி இருந்தா பிரிண்ட் அதுக்கப்புறம் போட்டதுதான்.

நான் ஒரு தடவ நெட்ல "1968 ஒரிஜினல்"னு போட்டிருந்த, நிலாவுக்கு மேல பூமி உதிக்கிற படத்த வாங்கினேன், முன்பக்கம் மட்டும்தான் போட்டோ போட்டிருந்தாங்க, அந்த நீலத்த பாத்ததும் கேள்வி கேக்கவே தோணல. வந்ததும் திருப்பினேன், பால் மாதிரி வெள்ளை, ஒரு எழுத்து இல்ல. பூதக்கண்ணாடி வெச்சா முழுக்க இங்க்ஜெட் புள்ளி. ரொம்ப நாள் மனசு ஆறல. அதுக்கப்புறம் கைக்கு வந்த முதல் நல்ல பிரிண்ட் அந்த ஆல்ட்ரின் படம். ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சேன், கோடாக் எழுத்து மெதுவா எழும்பி வந்துச்சு, ஊதா பாராவோட கடைசி வரி கொஞ்சம் இழுபட்டிருந்துச்சு, மை காயறதுக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் கை பட்டிருக்கு. அம்பது வருஷத்துக்கு முன்னாடி பட்ட கை. அத பாத்துட்டு நான் வெகுநேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

10 மடங்கு பெருசாக்குற ஒரு லூப், அதாவது சின்ன பூதக்கண்ணாடி, கண்டிப்பா வாங்கிக்கோங்க. உண்மையான போட்டோல நிறம் தொடர்ச்சியா, மேகம் மாதிரி கரைஞ்சு தெரியும். வரிசையா வட்டப் புள்ளி, பூ மாதிரி அடுக்கு தெரிஞ்சா அது அச்சடிச்ச லித்தோ, நாசாவே இலவசமா நிறைய குடுத்தது, மதிப்பு கம்மிதான் ஆனா ஆரம்பிக்க நல்லது. அப்புறம் அந்த சின்ன கூட்டல் குறிகள பாருங்க. நிலா தரைல எடுத்த ஹாசல்பிளாட் கேமராவுல ஃபிலிமுக்கு முன்னாடி ஒரு கண்ணாடித் தகடு இருந்துச்சு, அதுல 5க்கு 5ன்னு 25 குறி, அளவெடுக்குறதுக்காக. நல்ல பிரிண்ட்ல அது ஊசி முனை மாதிரி கூர்மையா இருக்கும், பிரிண்ட்ட வெச்சு இன்னொரு காப்பி எடுத்திருந்தா மழுங்கிடும். அப்பல்லோ 8ல போன ஆண்டர்ஸ் எடுத்த பூமி உதிக்கிற படத்துல இந்த குறியே கிடையாது, அந்த கேமராவுல தகடு இல்ல. ஆல்ட்ரின் படத்துல இன்னொரு சங்கதி, ஒரிஜினல் ஃபிரேம்ல அவர் முதுகுப் பைக்கு மேல இருக்குற ஆன்டெனா வெட்டுப்பட்டிருக்கும், நாசா வெளியிட்டப்போ மேல கொஞ்சம் கருப்பு வானம் சேத்தாங்க, அதனால மேல இடம் இருக்கேன்னு போலின்னு முடிவு பண்ணிடாதீங்க.

யுவி லைட் அடிச்சு பாருங்கன்னு நிறைய பேர் சொல்றாங்க. இதுக்கு அது பெருசா உதவாது. பேப்பர வெள்ளையா காட்டுற ரசாயனம் 1950கள்லயே பரவலாயிடுச்சு, அப்பல்லோ காலத்து பேப்பரும் ஒளிரும், நேத்து போட்டதும் ஒளிரும்.

எத சேக்குறதுன்னு கேட்டா, எல்லாரும் துரத்துற நாலஞ்சு படத்துக்குப் பின்னாடியே ஓடாதீங்கன்னுதான் சொல்லுவேன். எடுத்ததுல கொஞ்சம்தான் அப்போ பத்திரிகைக்குப் போச்சு. மீதி ஃபிரேம் எல்லாம் விஞ்ஞானிகளுக்கும் ஆபீஸ் வேலைக்கும்தான் பிரிண்ட் ஆச்சு, அதனால அதோட பழைய பிரிண்ட் கம்மி, அழகோ அவ்ளோ அழகு, சும்மா ஒரு பாறையும் அதோட நிழலும் மட்டும் இருக்குற படம் எனக்கு கொடி படத்த விட பிடிக்கும். ஆம்ஸ்ட்ராங் ரசிகரா இருந்தா ஏஎஸ்11-40-5886 தேடுங்க, கேமரா பெரும்பாலும் அவர் கைல இருந்ததால நிலா தரைல அவர் முழுசா தெரியிற ஸ்டில் படம் அரிது. கையெழுத்து போட்டது வேணும்னா அது தனி உலகம், மெஷின் போட்ட கையெழுத்து எக்கச்சக்கம், தெரிஞ்சவங்க துணை இல்லாம காசு போடாதீங்க.

வாங்கும்போது விக்குறவங்ககிட்ட பின்பக்கம் முழுசா, அப்புறம் வெளிச்சம் சாய்வா விழுற மாதிரி முன்பக்கம், ரெண்டு போட்டோ கேளுங்க. சாய்ச்சாதான் மடிப்பும் விரிசலும் தெரியும். படம் மொத்தமா சிவந்து போயிருக்கான்னு பாருங்க, அந்த கால கலர் பிரிண்ட்ல நீலப் பச்சை சாயம் முதல்ல வெளிறும், அத திரும்ப கொண்டுவர முடியாது. ஏலத்துல எடுத்தா கூப்பிட்ட விலைக்கு மேல கமிஷன் கால் பங்கு, சில இடத்துல அதுக்கும் மேல வரும், அத கணக்கு போட்டுட்டு கைய தூக்குங்க. பெரிய ஏல கம்பெனிங்களோட பழைய கேட்டலாக் நெட்ல சும்மாவே பாக்கலாம், வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் அத மட்டும் படிங்க.

வந்தப்புறம் பாலியஸ்டர் கவர்ல போட்டு, ஆசிட் இல்லாத அட்டப் பெட்டில, ஈரமும் வெயிலும் படாத இடத்துல படுக்க வைங்க. பிவிசி கவர் வேணாம், ஒட்டுற பக்கம் உள்ள ஆல்பம் வேணவே வேணாம், லேமினேஷன் பண்ணா அதோட கதை முடிஞ்சுது. சுவத்துல மாட்ட ஆசையா இருந்தா அதே படத்தோட ஸ்கேன் நெட்ல இலவசமா கிடைக்குது, அத பிரிண்ட் போட்டு மாட்டிட்டு ஒரிஜினல இருட்டுல விட்டுருங்க. பின்னாடி பேனாவுல எதுவும் எழுதாதீங்க, எங்க வாங்குனது, எப்போன்னு தனி நோட்டுல எழுதுங்க. பிரிண்ட்டோட பழைய கவரோ, அந்த காலத்துல அங்க வேல பாத்தவங்க வீட்டுல இருந்து வந்த லெட்டரோ சேந்து வந்தா அதையும் அதே பெட்டில வைங்க, எவ்ளோ கிழிஞ்சிருந்தாலும் தூக்கிப் போட்டுறாதீங்க.